திருகோணமலையில் இருந்து விமானப் பயணம்: தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் பார்ப்பது எப்படி?

முதன்முதலாக விமானம் ஏறப்போகிறவரிடம் வீட்டில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிளேன்ல எத்தனை மணித்தியாலம்?" டுபாய் என்றால் நாலரை, சென்னை என்றால் ஒன்றரை என்று பக்கத்தில் இருக்கும் யாராவது சொல்லிவிடுவார்கள். போனில் தேடினாலும் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே இத்தனை கிலோமீற்றர், இத்தனை நேரம் என்று உடனே வந்துவிடும். அந்த எண் பிழை இல்லை. ஆனால் கிண்ணியாவிலோ மூதூரிலோ நிலாவெளியிலோ இருந்து வெளிக்கிடுகிறவருக்கு அது பயணத்தின் நடுத்துண்டு மட்டும்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள மணித்தியாலங்கள் எந்த டிக்கெட்டிலும் அச்சாகியிருக்காது. எங்கள் ஊரில் இருந்து போகிறவர்கள் நேரத்தைத் தவறவிடுவதும் வானத்தில் அல்ல, அந்த மணித்தியாலங்களில்தான்.

அதனால் தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது. சாதாரண தரக் கணிதமும் போனில் உள்ள கல்குலேட்டரும் போதும்.

முதலில், எந்த விமான நிலையம்?

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் இங்கே பிழைத்தால் பிறகு வரும் எல்லா எண்ணும் பிழைக்கும். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் உலகம் முழுக்கப் பொதுவான மூன்று எழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. திருகோணமலைக்கு டி.ஆர்.ஆர். திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. திருச்சிராப்பள்ளிக்கு டி.ஆர்.இசட். மூன்றும் "திரு" என்று தொடங்கும் ஊர்கள், குறியீட்டிலும் முதல் இரண்டு எழுத்து ஒன்றுதான். தேடும் பெட்டியில் அவசரமாக முதல் நாலு எழுத்தைத் தட்டி, கீழே வந்ததை அமத்தினால், திருகோணமலை விமான நிலையம் இருக்கும் சீனக்குடாவுக்குப் பதிலாகக் கேரளாவில் இருந்து தூரம் வரும்.

கொழும்பிலும் இதே சிக்கல் உண்டு. கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம் சி.எம்.பி, கொழும்புக்குத் தெற்கே உள்ள இரத்மலானை ஆர்.எம்.எல். வெளிநாட்டுப் பயணம் என்றால் உங்களுக்கு வேண்டியது கட்டுநாயக்கதான். அது கொழும்பு நகரில் இல்லை. நகருக்கு வடக்கே, நீர்கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. "கொழும்பு – திருகோணமலை" என்று தேடினால் சில இடங்களில் நகரத்துக்கு நகரம் அளந்து சுமார் 235 கிலோமீற்றர் என்று காட்டும். கட்டுநாயக்கவுக்கும் சீனக்குடாவுக்கும் இடையே அளந்தால் சுமார் 208. இரண்டும் சரி, ஆனால் இரண்டு வேறு தூரங்கள்.

சீனக்குடாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அதுவும் குண்டுவீச்சுக்கு உள்ளானது. 1957இல் இலங்கையின் கைக்கு வந்தது. இன்றைக்கும் அது விமானப்படைத் தளம்தான். விமானப்படையின் பயிற்சிக் கல்லூரியும் அங்கேதான் இருக்கிறது. இங்கிருந்து டுபாய்க்கோ சென்னைக்கோ நேரடியாகப் பறக்கும் பயணிகள் சேவை இல்லை. சினமன் எயார் போன்ற உள்நாட்டுச் சேவையின் சிறிய விமானங்கள்தான் கட்டுநாயக்கவுக்குப் போய்வருகின்றன.

தூரம் பார்க்கும் வழி

இலகுவான வழி கூகுள் மப்ஸ். சீனக்குடா ஓடுபாதையின் மேல் விரலைச் சற்று நேரம் அமத்திப் பிடியுங்கள். சிவப்புக் குறி விழும். கீழே வரும் பட்டியை மேலே இழுத்தால் தூரத்தை அளக்கும் வசதி இருக்கும். அதைத் தெரிவுசெய்து, வரைபடத்தை நகர்த்திக் கட்டுநாயக்க ஓடுபாதைக்குக் கொண்டுபோங்கள். நேர்கோட்டுத் தூரம் திரையின் கீழே வந்துவிடும்.

கையால் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் இப்படிச் செய்யலாம். நான் இதைத்தான் விரும்புவேன். ஏனென்றால் ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தவர் பிறகு எந்த எண்ணைக் கண்டாலும் சரியா பிழையா என்று ஓரளவு ஊகித்துவிடுவார்.

குறி விழுந்த இடத்தில் இரண்டு எண்கள் தெரியும். முதலாவது அகலக்கோடு, இரண்டாவது நெடுங்கோடு. கட்டுநாயக்க 7.18, 79.88. சீனக்குடா 8.54, 81.18. அகலக்கோட்டு வித்தியாசம் 1.36 பாகை. ஒரு பாகை அகலக்கோடு சுமார் 111 கிலோமீற்றர், எனவே வடக்குத் தெற்காக 151 கிலோமீற்றர். நெடுங்கோட்டு வித்தியாசம் 1.30 பாகை. எங்கள் நாடு பூமத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே ஒரு பாகை நெடுங்கோடு சுமார் 110 கிலோமீற்றர். எனவே கிழக்கு மேற்காக 143 கிலோமீற்றர். இப்போது பைதகரசின் தேற்றம். 151இன் வர்க்கம் 22,801, 143இன் வர்க்கம் 20,449, கூட்டினால் 43,250. அதன் வர்க்கமூலம் 208. அவ்வளவுதான்.

இந்த முறை கிட்டத் தூரத்துக்கு நன்றாகப் பொருந்தும். கட்டுநாயக்கவில் இருந்து சென்னை சுமார் 646 கிலோமீற்றர், திருச்சி சுமார் 419. இவற்றுக்கெல்லாம் இதே கணக்கைப் போடலாம். லண்டன், டுபாய் என்று போகும்போது போடக்கூடாது. வடக்கே போகப் போக நெடுங்கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும்; லண்டன் இருக்கும் அகலக்கோட்டில் ஒரு பாகை நெடுங்கோடு வெறும் 69 கிலோமீற்றர்தான். அத்துடன் பூமி உருண்டை. தட்டையான படத்தில் வளைந்து தெரியும் பாதைதான் உண்மையில் குறுகிய பாதை. வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் இலங்கையில் ஒரு நூலை வைத்து லண்டன் வரை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், விமானம் போகும் வழி விளங்கும். அந்தப் பெருவட்டத் தூரத்தை மப்ஸ் தானாகவே கணக்கிட்டுத் தரும். கட்டுநாயக்கவில் இருந்து டுபாய் சுமார் 3,290 கிலோமீற்றர், தோகா 3,610, சிங்கப்பூர் 2,750, லண்டன் 8,715.

சில இடங்களில் தூரம் கடல் மைலில் இருக்கும். அதை 1.852ஆல் பெருக்கினால் கிலோமீற்றர். சாதாரண மைல் என்றால் 1.609ஆல். 112 என்று கண்டு "இவ்வளவு கிட்டவா?" என்று யோசிக்க வேண்டாம், அது கடல் மைலில் சொன்ன அதே 208 கிலோமீற்றர்தான்.

தூரத்தில் இருந்து நேரம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். ஆனால் விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்துபோக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், மேலே ஏற வேண்டும், இறங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஜெட் விமானம் என்றால் அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். ஜெட்டின் சராசரி வேகத்தை மணிக்கு 800 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னை: 646ஐ 800ஆல் வகுத்தால் சுமார் 48 நிமிடம். அரை மணித்தியாலம் கூட்டினால் 1 மணித்தியாலம் 18 நிமிடம். டிக்கெட்டில் 1.20 முதல் 1.30 வரை இருக்கும். டுபாய்: 4 மணி 7 நிமிடம், கூட்டினால் 4.37. தோகா ஐந்து மணித்தியாலம். சிங்கப்பூர் நாலு. லண்டனுக்குப் போகும் பெரிய விமானம் இன்னும் கொஞ்சம் வேகம், 850 என்று போட்டால் 10.45 அளவில் வரும்.

இந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது அந்த அரை மணித்தியாலத்தைத்தான். அது 400 கிலோமீற்றர் போனாலும் 4,000 கிலோமீற்றர் போனாலும் மாறாது. அதனால் தூரம் பாதியானால் நேரம் பாதியாகாது. பலாலியைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

எல்லா விமானத்துக்கும் 800 என்று போடவும் கூடாது. இணையத்தில் உள்ள தூரக் கணிப்பான்கள் பல இதைத்தான் செய்கின்றன. கட்டுநாயக்க – சீனக்குடா என்று போட்டால் 45 நிமிடம் என்று சொல்லும். அது இந்தப் பாதையில் ஓடாத ஒரு ஜெட்டுக்கான கணக்கு. இங்கே பறப்பது செஸ்னா கரவன் என்ற ஒற்றை இயந்திரச் சிறிய விமானம். அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில். 208ஐ 300ஆல் வகுத்தால் 42 நிமிடம். சிறிய விமானம் என்பதால் ஏற இறங்கக் கால் மணித்தியாலம் போதும். ஆக ஒரு மணித்தியாலம். வழியில் சீகிரியாவில் இறங்கிப் போகும் விமானம் என்றால் அதற்கு மேல்.

காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பிடித்தால் எந்தப் பக்கம் தோணி ஓடும், வாடை வந்தால் எந்தப் பக்கம் என்று கரையில் வளர்ந்த எவருக்கும் தெரியும். கட்டுநாயக்கவில் இருந்து சீனக்குடா வடகிழக்கே இருக்கிறது. சோளகக் காலத்தில் வரும்போது காற்று பின்னால், போகும்போது முகத்துக்கு. காற்றின் வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், வரும்போது விமானத்தின் வேகம் 340, பறப்பு 37 நிமிடம். போகும்போது 260, பறப்பு 48 நிமிடம். சிறிய விமானத்துக்கு இந்த 11 நிமிடம் பெரிய வித்தியாசம்.

பெரிய ஜெட்டிலும் இது உண்டு. டுபாய்க்குப் போகும்போது எடுக்கும் நேரத்தைவிடத் திரும்பி வரும்போது இருபது நிமிடம் குறைந்தால் அது பிழை அல்ல. மேலே மேற்கில் இருந்து கிழக்கே வீசும் காற்று தள்ளிவிடுகிறது. விமானங்கள் காற்றை எதிர்கொண்டுதான் ஏறவும் இறங்கவும் வேண்டும். கட்டுநாயக்க ஓடுபாதை தென்மேற்கு – வடகிழக்காக இருக்கிறது. சோளகக் காலத்தில் சென்னை விமானமும் முதலில் தென்மேற்கே கடலை நோக்கிக் கிளம்பி, அப்புறம்தான் வடக்கே திரும்பும். ஜன்னலோரம் இருப்பவருக்கு, விமானம் எதிர்ப்பக்கம் போகிறதே என்று தோன்றும். பயப்பட ஒன்றும் இல்லை.

டிக்கெட்டில் உள்ள மணியை வாசிப்பது

டிக்கெட்டில் புறப்படும் மணி புறப்படும் ஊரின் மணி. சேரும் மணி சேரும் ஊரின் மணி. இந்த ஒரு வரியை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம், அதனால் சென்னை, திருச்சிக்கு நேரே கழித்துப் பார்க்கலாம். டுபாய் எங்களைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். கட்டார், குவைத், சவூதி இரண்டரை மணித்தியாலம் பின்னால். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணித்தியாலம் முன்னால். லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை பின்னால். மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள்.

ஓர் உதாரணம். கட்டுநாயக்கவில் 18.30க்குப் புறப்பட்டு டுபாயில் 21.35க்குச் சேர்கிறது என்று டிக்கெட்டில் இருக்கிறது. கழித்தால் 3 மணி 5 நிமிடம். ஆனால் டுபாயில் 21.35 என்றால் இங்கே 23.05. உண்மையான பயணம் 4 மணி 35 நிமிடம். திரும்பி வரும்போது தலைகீழ்: டுபாயில் 02.45க்குப் புறப்பட்டு இங்கே 08.35க்குச் சேர்ந்தால் கழித்து வருவது 5.50, அதில் ஒன்றரை மணித்தியாலத்தைக் குறைத்தால் 4.20. உங்கள் கணக்கு, மேலே சொன்ன தூரக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துவந்தால் டிக்கெட்டைச் சரியாக வாசித்திருக்கிறீர்கள். ஒத்துவராவிட்டால் இடையில் எங்கோ ஒரு தரிப்பு இருக்கிறது. அதைத் தேடிப் பாருங்கள்.

தரிப்பு இருந்தால் தூரம் கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா வேளையும் அப்படியல்ல. கட்டுநாயக்கவில் இருந்து தோகா போய், அங்கிருந்து லண்டன் போனால் மொத்தம் சுமார் 8,850 கிலோமீற்றர். நேரடியாகப் போனால் 8,715. தோகா வழியிலேயே இருப்பதால் தூரம் நூற்றுச் சொச்சம்தான் கூடுகிறது. கூடுவது காத்திருக்கும் நேரம். அதனால் டிக்கெட் தெரிவுசெய்யும்போது கிலோமீற்றரைப் பார்க்க வேண்டாம், தரிப்பில் எத்தனை மணித்தியாலம் என்று பாருங்கள். ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் குறைந்த தரிப்பை, முதல் தடவை போகிறவர் எடுக்காமல் இருப்பதே நல்லது. பெரிய விமான நிலையத்தில் ஒரு முனையில் இறங்கி மறுமுனையைத் தேடிப் போவதற்கே அவருக்கு நேரம் வேண்டும்.

அடுத்தது திகதி. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவுக்கு முன்னும் பின்னுமாகப் புறப்படுகின்றன. டிக்கெட்டில் "15ஆம் திகதி 00.40" என்று இருந்தால் அது 14ஆம் திகதி இரவு. நீங்கள் வீட்டில் இருந்து வெளிக்கிட வேண்டியது 14ஆம் திகதி பகல். 15ஆம் திகதி இரவு பன்னிரண்டு நாற்பதுக்கு என்று நினைத்து 15 மத்தியானம் வான் வண்டியில் ஏறினால் விமானம் போய்ப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும். இப்படிப்பட்ட டிக்கெட் கைக்கு வந்தவுடன் நாட்காட்டியில் 14ஐச் சுற்றி வட்டம் போட்டு, "பகல் வெளிக்கிட வேண்டும்" என்று எழுதி வையுங்கள். வான்காரருக்கும் அந்தத் திகதியையே சொல்லுங்கள். சேரும் மணிக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் அடுத்த நாள் சேரும் என்று பொருள்.

வீட்டு வாசலில் இருந்து எண்ணுங்கள்

இப்போது முக்கியமான கணக்கு. இதை முன்னால் இருந்து போடாமல் பின்னால் இருந்து போட வேண்டும்.

விமானம் புறப்படும் நேரத்தை எடுங்கள். அதில் மூன்று மணித்தியாலத்தைக் கழியுங்கள். அதுதான் நீங்கள் விமான நிலைய வாசலில் நிற்க வேண்டிய நேரம். பெரும்பாலான விமான சேவைகள் புறப்பட ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் அங்கே நின்றாலும் பயன் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவைப் பார்ப்பார்கள், அப்புறம் குடியகல்வு வரிசை. மூன்று மணித்தியாலம் அதிகமே இல்லை.

அதில் இருந்து வீதிப் பயணத்தைக் கழியுங்கள். திருகோணமலையில் இருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வரை ஏ6 வீதி. குருநாகலில் இருந்து நாரம்மலை, கிரியுல்லை, மினுவாங்கொடை வழியாகக் கட்டுநாயக்க. மொத்தம் சுமார் 240 கிலோமீற்றர். வானத்தில் 208ஆக இருந்தது தரையில் 240 ஆகிறது. நேரமோ ஒரு மணித்தியாலத்தில் இருந்து ஐந்து மணித்தியாலமாகிறது. வான் வண்டியில் போனால் சாதாரண நாளில் ஐந்து என்று வையுங்கள். அதற்கு மேல் ஒன்றரை மணித்தியாலம் கையிருப்பாக வையுங்கள். சாப்பாடு, சில்லு காற்றுப்போவது, குருநாகல் நெரிசல் எல்லாம் அதற்குள்தான். சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னும் பின்னும், வெசாக், பொசன் நாட்களிலும் இந்தக் கையிருப்பை இரண்டரையாக்குங்கள். தன்சல் என்ற இலவச உணவுப் பந்தல் போட்டிருக்கும் இடங்களில் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும்.

அப்படியானால் இரவு 8 மணி விமானத்துக்கு, மாலை 5 மணிக்கு வாசலில். அதில் ஆறரை மணித்தியாலம் போனால் காலை 10.30க்கு வெளிக்கிட வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் வீட்டில் இருந்து கந்தளாய் வீதிக்கு வந்துசேரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அதிகாலை 3.30 விமானம் என்றால் கணக்கு வேறு. நள்ளிரவு 12.30க்கு வாசலில் நிற்க வேண்டும். கணக்கின்படி மாலை 6 மணிக்கு வெளிக்கிட்டால் போதும். ஆனால் நான் அதைச் சொல்லமாட்டேன். திருகோணமலையில் இருந்து ஹபரணை சுமார் 85 கிலோமீற்றர். ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டிவிடும். அது யானை வீதியைக் கடக்கும் இடம். யானை நின்றால் வாகனம் நிற்கத்தான் வேண்டும், விளக்கை அடித்து விரட்டப் பார்ப்பது ஆபத்து. பிற்பகல் 2 மணிக்கு வெளிக்கிட்டு ஹபரணையை வெளிச்சத்தில் தாண்டிவிடுங்கள். குருநாகலில் இராச்சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் போகலாம். விமான நிலையத்தில் சில மணித்தியாலம் கூடுதலாகக் காத்திருப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

தனியாகப் போகிறவருக்கு வான் செலவு கட்டாது. பஸ்ஸில் போகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கொழும்பு பஸ் கட்டுநாயக்கப் பக்கம் போகாது. குருநாகலில் இறங்கி நீர்கொழும்புப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம், அல்லது கொழும்புக்கே போய் 187ஆம் இலக்க பஸ்ஸில் திரும்பி வரலாம். பொதி பெரிதாக இருந்தால் இரண்டும் சிரமம். ரயிலிலும் போகலாம். 1927இல் திறந்த பாதை அது. இரவு ரயில் அதிகாலையில் கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு வரும். ஆனால் கல்ஓயாப் பக்கம் யானைக்காக வேகத்தைக் குறைத்துத்தான் ஓட வேண்டும், சில இரவுகளில் பிந்தும். மாலை விமானத்துக்கு ரயில் பொருந்தும், காலை விமானத்துக்குப் பொருந்தாது. முதல் நாளே போய் நீர்கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் தங்க வசதி இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

சீனக்குடாவில் இருந்து விமானத்தில் கட்டுநாயக்க போவதைப் பற்றியும் கேட்பார்கள். நேரத்தைப் பார்த்தால் ஆசைதான்: ஊரில் இருந்து அரை மணித்தியாலத்துக்குள் தளத்துக்குப் போய்விடலாம், பறப்பு ஒரு மணித்தியாலம். ஆனால் அவை பகல் வேளையில் ஓடும் சிறிய விமானங்கள், ஆசனங்கள் குறைவு, விலை கூட, பொதியின் எடையில் கடுமையான கட்டுப்பாடு. 30 கிலோ பொதியோடு வளைகுடாவுக்குப் போகிறவருக்கு இது சரிவராது. மாரிகாலத்தில் முகில் இறங்கினால் பிந்தவும் இரத்தாகவும் கூடும். முதியவர் ஒருவரை ஐந்து மணித்தியாலம் வான் வண்டியில் இருத்திக் கொண்டுபோக முடியாத நிலை என்றால் அப்போது யோசிக்கலாம். தளத்து வாயிலில் அடையாள அட்டையைக் கேட்பார்கள். உள்ளே படம் எடுக்க வேண்டாம்.

சென்னைக்கு என்றால் பலாலியையும் பாருங்கள்

வரைபடத்தில் திருகோணமலையில் இருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 507 கிலோமீற்றர்தான். நாங்களோ முதலில் தென்மேற்கே 240 கிலோமீற்றர் ஓடி, அப்புறம் வடக்கே 646 கிலோமீற்றர் பறக்கிறோம். 2019 ஒக்டோபரில் பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்த பிறகு இன்னொரு வழி கிடைத்தது. பலாலியில் இருந்து சென்னை சுமார் 356 கிலோமீற்றர்.

தூரம் ஏறக்குறையப் பாதி. நேரம்? இங்கே ஓடுவது ஏ.டி.ஆர் என்ற இரட்டை விசிறி விமானம். மணிக்கு 450 என்று போட்டால் 47 நிமிடம், ஏற இறங்க அரை மணித்தியாலம் கூட்டினால் 1.17. கட்டுநாயக்கவில் இருந்து ஜெட்டில் 1.18 என்று முன்னே பார்த்தோம். பாதித் தூரத்துக்கும் அதே நேரம்தான். அரை மணித்தியாலம் மாறாது என்று சொன்னது இதற்காகத்தான்; அதோடு விமானத்தின் வேகமும் குறைவு.

தரையில்? ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக ஏ9 வீதியைப் பிடித்து யாழ்ப்பாணம், அங்கிருந்து பலாலி. மொத்தம் 250 கிலோமீற்றர் அளவில், ஐந்தரை மணித்தியாலம் வையுங்கள். கட்டுநாயக்கவைவிடக் குறையவில்லை. ஆனால் பலாலி சிறிய நிலையம், வரிசை நீளாது, வழி முழுக்கத் தமிழில் கேட்டு விசாரித்துப் போகலாம். வைத்தியத்துக்காக வயதானவர்களைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். குறையும் உண்டு: ஒரு விமானம் இரத்தானால் அடுத்த விமானம் பல மணித்தியாலம் கழித்தோ அடுத்த நாளோதான். சென்னையில் வைத்தியருடன் நேரம் குறித்திருந்தால் முதல் நாளே போய்விடுங்கள். கட்டுநாயக்கவில் ஒரு நாளைக்குப் பல விமானங்கள் இருப்பதால் இந்தக் கவலை குறைவு. என்னைக் கேட்டால், வவுனியாப் பக்கம் உறவினர் இருப்பவர்களும் யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கக்கூடியவர்களும் பலாலியைத் தெரிவுசெய்யலாம். மற்றவர்கள் இரண்டின் விலையையும் வைத்துப் பார்க்கட்டும்.

கூட்டிவரப் போகிறவர்களுக்கு

திரும்பி வருகிறவருக்காக வான் பிடிக்கும்போதும் இதே கணக்குத்தான். விமானம் தரையிறங்கும் நேரம் ஆள் வெளியே வரும் நேரமல்ல. குடிவரவு, பொதி, சுங்கம், தீர்வையற்ற கடை எல்லாம் முடித்து வர ஒரு மணித்தியாலமாவது ஆகும், பொதி அதிகம் என்றால் ஒன்றரை. காலை 8.35க்கு விமானம் இறங்குகிறது என்றால் பத்து மணி அளவில் வெளியே வருவார். அதற்காக நள்ளிரவு ஒரு மணிக்கு வான் எடுத்து யானைக்காட்டைத் தாண்ட வேண்டாம். முதல் நாள் பிற்பகல் போய் நீர்கொழும்பில் படுத்து எழும்பலாம், அல்லது விடிய நாலரைக்கு வெளிக்கிட்டுப் பத்து மணிக்குப் போய்ச் சேரலாம். விடியற்காலையிலும் யானை இறங்கும், அதனால் ஹபரணை வரை சாரதியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

புறப்படுவதற்கு முன் விமான இலக்கத்தைப் போனில் தட்டிப் பாருங்கள். டிக்கெட்டில் நகரப் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்தும் சில எண்களுமாக இருப்பதுதான் அது. விமானம் இன்னும் டுபாயில் நிற்கிறதா, கிளம்பிவிட்டதா என்று காட்டும். இரண்டு மணித்தியாலம் பிந்துகிறது என்றால் நீங்களும் இரண்டு மணித்தியாலம் பிந்தி வெளிக்கிடலாம், சாரதியும் அந்த நேரம் தூங்கட்டும். ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பவும் 240 கிலோமீற்றர் ஓட்ட வேண்டியவர் அவர்.